டார்க்டேபிள்: என்ன மாற்றினோம் என்று எழுதி வைக்கும் மென்பொருள்

போன வருடம் தை மாதம் ஆச்சிக்கு எண்பது முடிந்தது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் திண்ணையில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய திருநீறு, மடியில் கோத்த கைகள். கூடத்தில் மாட்டலாம் என்று பெரிதாகப் பிரிண்ட் போட ஒரு லேபில் கொடுத்தேன். திரும்பி வந்த படத்தில் ஆளே வெளுத்திருந்தாள். கன்னத்துச் சுருக்கங்கள் மாவு பூசியதுபோல் மறைந்திருந்தன, முன்கையில் பதினைந்து வயதில் குத்திக்கொண்ட பச்சைகூட இல்லை, கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள் போல. ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு "இது யாருல?" என்றாள். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

லேபில் போய்க் கேட்டேன். "எல்லாருக்குமே இப்படித்தான் சார் பண்ணிக் கொடுப்போம், படம் கறுப்பா இருக்குன்னு யாரும் திருப்பிக் கொண்டு வந்துடக் கூடாதுல்ல" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது புரிந்தது, ஆனால் ஒரு மனுஷியின் நிறத்தை, அவள் கையில் அறுபத்தைந்து வருடமாக இருக்கும் பச்சையை, கேட்காமல் கொள்ளாமல் எடுத்துவிடலாம் என்று யார் சொன்னது? அன்றைக்குத்தான் என் படங்களை முதலிலிருந்து கடைசி வரை நானே செய்துகொள்வது என்று முடிவெடுத்து டார்க்டேபிளை இறக்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது எழுதினால் சரியாக இருக்கும்.

தெரியாதவர்களுக்கு: இது ரா கோப்புகளை, அதாவது கேமரா சென்சாரில் பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைத்திருக்கும் கோப்புகளை, பதப்படுத்தும் மென்பொருள். 2009-லிருந்து இருக்கிறது, கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது, மாதச் சந்தா கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். அடோபியின் லைட்ரூம் மென்பொருளைப் பழகியவர்களுக்கு அமைப்பு ஓரளவு புரியும். படங்களை வரிசையாகப் பார்க்க லைட்டேபிள், ஒரு படத்தை எடுத்து வேலை செய்ய டார்க்ரூம்.

முதல் நாள் எல்லோருக்கும் ஒரு அதிர்ச்சி இருக்கும். லைட்டேபிளில் பளிச்சென்று இருந்த படம் டார்க்ரூமில் திறந்ததும் மங்கிப்போகும். பலர் இந்த இடத்திலேயே மென்பொருள் சரியில்லை என்று மூடிவிடுகிறார்கள். விஷயம் என்னவென்றால், முதலில் நாம் பார்ப்பது ரா கோப்புக்குள்ளேயே கேமரா ஒட்டி வைத்திருக்கும் ஜேபெக் முன்னோட்டம். அதில் கம்பெனிக்காரர்கள் தீர்மானித்த கான்ட்ராஸ்ட், நிறச் செறிவு, கூர்மை எல்லாம் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். டார்க்ரூமில் வருவது சென்சாரில் பதிந்ததிலிருந்து டார்க்டேபிள் தானே புதிதாகக் கட்டும் படம். இதைப் பார்த்த பிறகுதான் "எடிட்டே பண்ணல, கேமராவிலிருந்து அப்படியே" என்று நாம் பெருமையாகப் போடும் படங்களைப் பற்றி யோசித்தேன். அப்படியே என்று ஒன்று கிடையாது. நாம் எடிட் செய்யவில்லை என்றால் கேமரா செய்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். என்ன செய்தது என்று அது நமக்குச் சொல்வதும் இல்லை.

டார்க்டேபிள் சொல்கிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். டார்க்ரூமில் இடது பக்கம் ஹிஸ்டரி என்று ஒரு பகுதி உண்டு. நாம் தொட்ட ஒவ்வொன்றும் எண் போட்டு வரிசையாக அதில் ஏறும். எக்ஸ்போஷர் கூட்டினால் ஒரு வரி, கிராப் செய்தால் ஒரு வரி. எந்த வரியையும் அழுத்தினால் படம் அந்த நிலைக்குத் திரும்பும். மூலக் கோப்பில் ஒரு புள்ளிகூட மாறாது, மாற்றங்கள் எல்லாம் பக்கத்திலேயே ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் எழுதப்படும். படத்தை ஜேபெக்காக வெளியே எடுக்கும்போது அந்த வரலாற்றையும் சேர்த்தே அனுப்ப ஒரு வசதி இருக்கிறது, நான் அதை எப்போதும் வைத்திருக்கிறேன். நான் என்ன செய்தேன் என்று பார்க்க நினைப்பவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஆச்சி படத்துக்கு வருகிறேன். நிறத்துக்கு கலர் கேலிபிரேஷன் என்ற மாட்யூல், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்கான கருவி. படத்தில் நிறமில்லாத ஒரு இடத்தைக் காட்டினால் அதை வைத்து வெளிச்சத்தின் சாயத்தைக் கணக்கிட்டு நீக்கும். வெள்ளைச் சேலை இருக்கிறதே என்று அதைக் காட்டினேன், முகம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் ஆகிவிட்டது. பல தடவை செய்தும் அப்படியேதான். அப்புறம்தான் உறைத்தது, சேலை வெள்ளை இல்லை, நீலம் போட்டு அலசிய சேலை. மென்பொருள் அதை வெள்ளை என்று நம்பி நீலத்தை உறிஞ்சியதில் படம் முழுக்க மஞ்சள் ஏறியிருக்கிறது. கடைசியில் தானியங்கியை விட்டுவிட்டு, அதே திண்ணையில் ஆச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையை லேப்டாப் திரைக்கு அருகில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். வெயிலில் காய்ந்த புளியங்கொட்டை நிறம் அந்தக் கைக்கு. அது திரையில் வர முக்கால் மணி நேரம் ஆனது. முகத்தின் நிழல் பக்கத்தை மட்டும் டோன் ஈக்வலைசரில் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தூக்கினேன். சுருக்கங்கள் கலையாமல் வெளிச்சம் மட்டும் கூடியது, அந்த மாட்யூலை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். இதுவும் எடிட்தான், லேபில் செய்ததும் எடிட்தான். ஆனால் ஆச்சியைப் பார்த்துக்கொண்டே செய்ததும் பார்க்காமல் செய்ததும் ஒன்றாகுமா?

இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும், அதில் தப்பு என்னுடையது. திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய மரங்களில் கூடு கட்டும். ஒரு கூட்டில் குஞ்சுக்குத் தாய் இரை கக்கும் தருணம் கிடைத்தது. கூட்டின் ஓரத்தில் நீல நைலான் கயிறு ஒன்று தொங்கியது, கண்ணை உறுத்தியது. ரீடச் மாட்யூலில், வேறு இடத்தைக் கொண்டு மூடிவிடும் ஹீல் போட்டு எடுத்துவிட்டேன். தடமே தெரியவில்லை. எங்கள் போட்டோ குழுவில் போட்டதும் நிறையப் பாராட்டு. அந்த ஊர்ப்பக்கம் அடிக்கடி போகும் அண்ணன் ஒருவர் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பினார், "தம்பி, அந்தக் கூட்டுல ஒரு கயிறு கெடந்துச்சே, குஞ்சு கால்ல சுத்திருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன், அவுத்துட்டாங்களா?" எனக்கு நெஞ்சு அடைத்தது. கயிறு அங்கேதான் இருந்தது, நான் அழித்தது படத்தில். டார்க்டேபிளில் ரீடச் மாட்யூலின் பெயருக்கு முன்னால் இருக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன், கயிறு திரும்பி வந்தது. மற்ற வேலைகள் எதுவும் கலையவில்லை. அந்தப் படத்தையே மறுபடி போட்டு, முதலில் அழித்திருந்தேன் என்பதையும் எழுதினேன்.

2010-ல் வேர்ல்டு பிரஸ் போட்டோ என்ற உலகளாவிய பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் பரிசு பெற்ற ஒரு படத்தொகுப்பு தகுதி இழந்தது. உக்ரைனின் கீவ் நகரத் தெருச்சண்டை பற்றியது. அதில் ஒரு படத்தைப் பலமாக கிராப் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருட்டாக்கியிருந்தார்கள். அதற்காக நீக்கவில்லை. பின்னணியில் எட்டிப் பார்த்த ஒருவரின் பாதத் துணுக்கை அழித்திருந்தார்கள், ரா கோப்போடு ஒப்பிட்டபோது அது தெரிந்தது, அதற்காக நீக்கினார்கள். முன்பு இது அநியாயமாகத் தோன்றியது, கயிற்றுக்குப் பிறகு தோன்றவில்லை. இப்போது ரீடச் மாட்யூலை சென்சார் தூசிப் புள்ளிகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன், அந்தத் தூசி கேமராவுக்குள் இருந்தது, குளத்தில் இல்லை. போட்டிக்கு அனுப்பாத, வீட்டுக்கு மட்டும் எடுக்கும் படத்துக்கு இவ்வளவு தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுப் படத்துக்குத்தான் அதிகம் தேவை என்பேன். ஐம்பது வருடம் கழித்து ஆச்சி எப்படி இருந்தாள் என்று என் பேத்தி அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

குறைகளும் உண்டு. மாட்யூல்கள் ஏராளம், ஒரே வேலைக்கே இரண்டு மூன்று இருக்கும். புதிதாக வருபவர்கள் எக்ஸ்போஷர், கலர் கேலிபிரேஷன், சிக்மாய்டு (வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் திரைக்கு ஏற்ப அமைப்பது), கிராப் இந்த நான்கை மட்டும் தொட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில், படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் டினாய்ஸ் போட்டால் நகரவே நேரமெடுக்கும். மொபைலுக்குக் கிடையாது. புத்தம்புது கேமரா வாங்கினால் அதன் ரா கோப்பைப் படிக்க அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டி வரலாம். பேக்கப் எடுக்கும்போது எக்ஸ்எம்பி கோப்புகளையும் சேர்த்து எடுங்கள், ரா மட்டும் எடுத்து வைத்தால் செய்த வேலை கூட வராது. கல்யாண ஆர்டர் எடுத்து வாரக் கடைசியில் ஆயிரம் படம் தள்ள வேண்டியவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். பொழுதுபோக்காக எடுப்பவர்கள், ஒரு படத்தோடு ஒரு சாயங்காலம் உட்கார முடிந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு இறக்கலாம்.

ஆச்சி படத்தை இந்தத் தடவை வேறு லேபில் கொடுத்தேன். கவர்மேல் "கலர் கரெக்ஷன் எதுவும் வேண்டாம்" என்று பெரிதாக எழுதி, நேரிலும் இரண்டு தடவை சொன்னேன். அப்படியே செய்து கொடுத்தார்கள். வீட்டில் பிரித்துக் காட்டியதும் ஆச்சி படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, பச்சை இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் முந்தானைப் பக்கத்தைக் காட்டி, "அன்னைக்குச் சேலைக்கு நீலம் கூடிப்போச்சுல" என்றாள்.