நான் முந்தி, கடிதம் பிந்தி

இந்த முறை மட்டக்களப்புக்குப் போனபோது தபால் கந்தோருக்கும் போனேன்.

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு கடிதம், லண்டனில் மகளுக்கு ஒன்று. வாட்ஸ்அப் இருக்க இதென்ன விசர் வேலை என்று மச்சான் சிரித்தான். சரி, சிரிக்கட்டும்.

நகரப் பக்கம் ஒரு சின்னக் கந்தோர். “அண்ணன், உள்ளூரா வெளிநாடா?” என்று கேட்ட தங்கச்சி, கொப்பியைத் திறந்து முத்திரைத் தாள்களைப் புரட்டினார். உள்ளூர்க் கடிதத்துக்கு 50 ரூபா. 2022 ஆகஸ்டில் 15 ரூபாவிலிருந்து ஒரேயடியாக ஏற்றியது. மகளுக்குப் போவதற்குச் சின்னப் பெறுமதி முத்திரைகளாகக் கேட்டேன். முகம் சுளிக்காமல் கிழித்துத் தந்தார். பிரித்தானிய முத்திரையில் நாட்டின் பெயரே இருக்காது. அரசரின் தலை, இப்போது பக்கத்தில் ஒரு பார்கோடு, அவ்வளவுதான். 1857இல் வந்த இலங்கையின் முதல் முத்திரையிலும் விக்டோரியாவின் தலைதான், விலை 6 பென்ஸ். இன்றைக்கு மூன்று மொழியிலும் நாட்டின் பெயர் இருக்கிறது. அதில் தமிழ் ‘இலங்கை’யை மகள் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும் என்றுதான் இத்தனை முத்திரை.

ஈரம் தொட வைத்திருந்த ஸ்பொஞ்ச் காய்ந்து கிடந்தது. நாக்கால் நக்கித்தான் ஒட்டினேன். ஆறாவது முத்திரையோடு அந்தப் பசை ருசி பள்ளிக்கூட நாளுக்கே கொண்டுபோய் விட்டது. பிறகு டக், டக் என்று சீல்.

மூன்றாம் நாள் கல்லடிப் பாலம் தாண்டி பஸ்ஸில் பெரியம்மாவிடம் போனேன். கடிதம் இன்னும் வந்திருக்கவில்லை. என்ன எழுதினேன் என்று சொல்லப் போக, “இரி மனே, அது வரட்டும், வாசிப்பம்” என்று வாயை அடைத்துவிட்டார். பதினொரு மணிக்குத் தபால்காரரின் சைக்கிள் மணி. வீட்டு இலக்கம் எனக்குத் தெரியாது. கோயிலடி என்றும் பெரியப்பாவின் பெயரையும்தான் எழுதியிருந்தேன், வந்துவிட்டது. என்னை முன்னால் இருத்தி இரண்டு தரம் சத்தமாக வாசித்தார். எனக்கு வெட்கமாகிப் போனது.

அப்புறம் முத்திரை இருந்த மூலையைக் கத்தரித்து, பேரனுக்கென்று கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் கடதாசி தனியே கழன்றது. முத்திரையை நகத்தால் தூக்கிப் பழைய பேப்பரில் கவிழ்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணி போடப் போனார்.