காலாப்பட்டா, கூத்து ஜமாவா? நாடகம் படிக்க நினைப்பவருக்கு

கடலூர், பண்ருட்டிப் பக்கம் ஒரு பிள்ளை டிகிரி முடித்துவிட்டு "நாடகம் படிக்கப் போறேன்" என்றால், வீட்டில் முதலில் கிளம்பும் கேள்வி வேலை. நியாயமான கேள்விதான், பின்னால் வருகிறேன். அதற்கு முன், எங்கே போய் எதைக் கற்பது என்று பார்த்துவிடலாம். கைக்கெட்டும் தூரத்தில் மூன்று வழி: காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை தரும் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு, ஊர்ப்பக்கத்துத் தெருக்கூத்து ஜமா (கூத்தாடும் குழு), புதுச்சேரி நாடகக் குழுக்களின் பயிலரங்கு.

நடிப்பு மட்டும் போதும் என்றால் என் ஓட்டு ஜமாவுக்குத்தான். திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி தொடங்கினால் விடியும்வரை ஆட வேண்டும். கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் ஏறிய பிறகு கழுத்தைத் திருப்புவதே பெரும்பாடு. அந்தக் கனத்தோடு அடவு போட்டு, மூச்சு வாங்குவது தெரியாமல் விருத்தம் பாட வேண்டும். புதுப் பையனுக்குச் சின்ன வேஷம்தான் கிடைக்கும். வரி மறந்து நின்றால், பின்னால் பெஞ்சில் இருக்கும், ஜமாவை நடத்தும் வாத்தியார் தாளத்தை விடாமல் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார், பின்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் பாடு இன்னும் கஷ்டம். அன்றைக்கு ஊரில் என்ன பேச்சோ, அதை அந்த இடத்திலேயே கதைக்குள் இழுத்துவர வேண்டும். எதிரே இருப்பவர்கள் மார்க் போட மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் கொண்டுவந்த பாயில் படுத்துத் தூங்கிவிடுவார்கள். எந்த வகுப்பறையிலும் இப்படி ஒரு பரீட்சை கிடையாது.

ஆனால் பெண் பிள்ளை என்றால் கணக்கே மாறிவிடுகிறது. பெரும்பாலான ஜமாக்களில் பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுகிறார்கள். பெண்கள் ஆடும் குழுக்கள் இல்லாமல் இல்லை, குறைவு. நாடகத்தை முழுநேரமாக எடுத்துக்கொள்ள நினைக்கும் பெண்ணுக்கு, வீட்டில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய ஒரே இடம் பல நேரம் பல்கலைக்கழகம்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் துறை இருக்க வேண்டும் என்பேன்.

நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி தொடக்கத்தில் பொறுப்பேற்று நடத்திய துறை அது. பிறகு நாட்டுப்புறக் கலை ஆய்வாளர் கே.ஏ. குணசேகரன் அங்கே பேராசிரியராக இருந்தார். சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுவாமிகள் பாலர் நாடக சபை நடத்திப் பையன்களைத் தயார் செய்தவர், 1922இல் புதுச்சேரியில்தான் காலமானார். டிகிரி வாசனையே இல்லாத பயிற்சிமுறைக்காரர் பெயரில் டிகிரி தருகிறார்கள்!

அங்கே கிடைப்பது நடிப்புக்கு வெளியே உள்ள மிச்சமெல்லாம். ஒளியமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகரின் முகத்துக்கு நேரே ஒரே விளக்கைப் போட்டால் முகம் தட்டையாகிவிடும். இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி கோணத்தில், ஒன்று மஞ்சள் சாயலும் மற்றது நீலச் சாயலுமாக வைத்தால் மூக்கும் கன்னமும் எழுந்து வரும். இதைப் புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது. ஏணியில் நின்று சூடேறிய விளக்கைத் திருப்ப வேண்டும், கீழே ஒருத்தர் நடிகர் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம் இறக்கு" என்று கத்த வேண்டும். அரங்க அமைப்பு, உடை, பிரதியை வெட்டி ஒட்டுவது எல்லாமே இப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு நாடகத்தை நீங்களே எடுத்து, ஆள் சேர்த்து, ஒத்திகை பார்த்து, மேடையேற்றிச் சொதப்பலாம். ஜமாவில் சொதப்பினால் அடுத்த வருஷம் கூத்துக்கு அழைக்கும் தாம்பூலம் அந்த ஊரிலிருந்து வராது.

பயிலரங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வீணாபாணி சாவ்லா தொடங்கிய ஆதிசக்தி நாடகக் குழு 1993இல் புதுச்சேரிப் பக்கம் வந்தது. மூச்சு, களரி, உடம்பு என்று நன்றாகப் பிழிந்தெடுப்பார்கள். பழைய பாத்தே சினிமாக் கொட்டகையில் இயங்கும் இண்டியானோஸ்ட்ரம் இன்னொன்று. வேலையில் இருந்துகொண்டே லீவு போட்டுக் கற்பவர்களுக்கு நல்லது. அதையே படிப்பாக நம்பிவிடக்கூடாது. சில நாளில் உடம்பு விழித்துக்கொள்ளும், அதற்குமேல் தொடர்ச்சி இல்லை.

சரி, வேலை. கூத்துக்குச் சம்பாத்தியம் பங்குனியிலிருந்து ஆடி வரைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு கூலி வேலை தேட வேண்டும். பட்டம் வாங்கியவர் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யுஜிசி நெட் எழுதலாம், நாடகத்துக்கு அதில் இடம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் நாடகத் துறை உள்ள பல்கலைக்கழகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் பேராசிரியர் வேலையை மட்டும் நம்பிச் சேர்வது ஆபத்து. பள்ளிகளில் நாடகப் பயிற்சி, விழிப்புணர்வு நாடகம், சினிமாவில் உதவி இயக்கம் என்று துண்டுத் துண்டாகத்தான் பிழைப்பு ஓடும். குழந்தைகள் நாடகத்தையே தன் வழியாக்கிக்கொண்ட வேலு சரவணன் மாதிரி, காலாப்பட்டில் படித்துவிட்டுத் தனக்கென ஒரு களம் போட்டவர்களும் உண்டு. சினிமாவில் முகம் காட்டுவதுதான் ஆசை என்றால் இந்த இரண்டு வருஷத்தைச் சென்னையில் செலவழிக்கலாம்.

ஏற்கெனவே ஜமாவில் ஆடுகிற வாத்தியார் வீட்டுப் பையன் கேட்டால், தாராளமாகக் காலாப்பட்டுக்குப் போ என்பேன். ஒளியும் இயக்கமும் தெரிந்த கூத்துக்காரனுக்கு எந்த மேடையும் அந்நியமில்லை. ஒன்று மட்டும்: செமஸ்டர் தேர்வும் திருவிழா ஒப்பந்தமும் சித்திரை, வைகாசியில் முட்டிக்கொள்ளும். சேரும்போதே துறையில் பேசி வைத்துவிட வேண்டும்.