பிள்ளையின் பைக்குள் கஞ்சா: அடியா, பொலிஸா, ஊர் மாற்றமா, கிளினிக்கா?

வன்னியில் ஒரு வீட்டில் பிள்ளையின் பைக்குள் கஞ்சா அகப்பட்டால் அன்றிரவே யோசனைகள் வந்து குவியும். தாய்மாமன் "நாலு போட்டால் சரிவரும்" என்பார். அயலவர் ஒருவர் பொலிஸில் கொடுத்துப் பயப்படுத்தச் சொல்வார். பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து "என்னட்ட அனுப்பிவிடு" என்று போன் எடுப்பார். வற்றாப்பளை அம்மன் முன்போ மடு மாதா முன்போ சத்தியம் வாங்கச் சொல்பவரும் இருப்பார். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள்.

இந்த வழிகளை ஒப்பிட ஒரு கேள்வி போதும்: இதைச் செய்தபின், அடுத்த முறை யாராவது சுருட்டி நீட்டும்போது பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லுமா, அல்லது இன்னும் ஆழமாக ஒளிக்குமா? முதல் கிழமையில் எல்லா வழியும் பலன் தந்ததுபோலத்தான் தெரியும். உண்மையான வித்தியாசம் மூன்றாம் மாதத்தில்தான் வெளியே வரும்.

வழியைத் தெரிவதற்கு முன்

அகப்பட்டது என்ன என்று பாருங்கள். காய்ந்த இலை, பூ, விதை, சுருட்டும் தாள், தூள் கொட்டிய சிகரெட் என்றால் கஞ்சா. ரொபிபோல உருட்டிய கறுப்பு உருண்டை என்றால் மதன மோதகம் என்ற பெயரில் விற்கும், கஞ்சா சேர்ந்த லேகியமாக இருக்கலாம். கண்ணாடித் துண்டுபோன்ற பளிங்கோ, எரித்துக் கறுத்த வெள்ளித்தாளோ, மாத்திரை அட்டையோ கிடைத்தால் அது ஐஸ், ஹெரோயின், பிரிகாபலின் போன்ற வேறு பொருள். அங்கே கீழே சொல்லும் வீட்டு முயற்சியில் நாள் கடத்த வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

அடுத்தது, பிள்ளை இழுக்கிறதா, அல்லது யாருக்காகவோ கொண்டு திரிகிறதா? பாக்குநீரிணை கடந்து கரையிறங்கும் கேரளக் கஞ்சாவுக்கு வன்னி ஒரு பாதை. பொதி ஒப்படைக்கப் பள்ளிப் பெடியன்கள் வசதி, ஏனென்றால் சோதனையில் அவர்கள்மேல் கண் குறைவு. சுருட்ட வேண்டிய அளவைவிடப் பெரிய பொதி, ஒரே அளவில் கட்டிய சின்னச் சின்னச் சரைகள், கணக்கில்லாத காசு, புதுப் போன், இரவில் ஒருமுறை மட்டும் அடித்து நிற்கும் அழைப்பு ஆகியவை கொண்டு திரிவதன் அடையாளங்கள். இதற்கு வழி வேறு, பின்னால் வருகிறது.

கிடைத்த பொருளை "சாட்சிக்கு" என்று அலுமாரியில் வைக்காதீர்கள். வைத்திருப்பதே குற்றம், வீட்டில் அகப்பட்டால் தாய்க்கும் தகப்பனுக்கும் வழக்கு வரலாம். சின்ன அளவென்றால் மலசலகூடத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். கொண்டுபோய் ஆருக்கும் காட்டவும் வேண்டாம்.

பிள்ளை போதையில் இருக்கும்போது பேசுவதில் பயனில்லை. புகைத்தால் சில நிமிடங்களில் ஏறி இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் இறங்கும். உண்டால் ஏறவே அரை மணி முதல் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். "ஒன்றும் செய்யேல்லை" என்று இரண்டாவது உருண்டையையும் விழுங்கும் பிள்ளைகள்தான் நெஞ்சு படபடத்துப் பயந்து போகிறார்கள். மயக்கம், வலிப்பு, நெஞ்சுவலி இருந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம்.

அடியும் பூட்டும்

வேகம் ஒன்றுதான் இதன் பலம். அடித்த அன்று பிள்ளை அழும், "இனிச் செய்யமாட்டன்" என்று சொல்லும். ஆனால் அது கற்றுக்கொள்வது கண் சிவப்பை மறைக்கும் துளிமருந்து, வாய்க்கு இனிப்பு, சட்டையை வெளியே காயவிடுதல் போன்ற வித்தைகளை. அறையில் பூட்டுவது இன்னொரு விதத்திலும் பிழைக்கிறது. கிழமைக் கணக்காக இழுத்த பிள்ளை நிறுத்தினால் முதல் 24 முதல் 72 மணித்தியாலத்தில் எரிச்சல், நித்திரையின்மை, பசியின்மை, பயங்கரக் கனவு தொடங்கும். முதல் கிழமைக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு கிழமையளவில் தணியும். அந்த எரிச்சலைத் திமிர் என்று எடுத்து மறுபடி அடிக்கும் வீடுகள் பல. தணிகிற நேரத்தில் அடி விழுந்தால் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் மறுபடி கஞ்சாதான்.

கோயில் சத்தியம் அடியைவிட மென்மையானது, ஆனால் அதே இடத்தில் முறிகிறது. சத்தியம் மீறிய பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லவே முடியாது.

பொலிஸில் கொடுத்துப் பயப்படுத்துவது

"ஒருக்கா உள்ளுக்க இருந்தால் திருந்துவான்" என்கிற எவரும் அடுத்த படியைச் சொல்வதில்லை. கஞ்சா வைத்திருத்தல் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். முறைப்பாடு பதிவானபின் "பயப்படுத்த மட்டும்தான் கேட்டோம்" என்று பெற்றோர் திரும்ப வாங்க முடியாது. நீதவான் நீதிமன்றம், பிணை, தவணை என்று போகும். வயதைப் பொறுத்து நன்னடத்தைத் திணைக்களமும் உள்ளே வரும். பின்னாளில் வெளிநாட்டு வேலைக்கோ அரச வேலைக்கோ பொலிஸ் அறிக்கை கேட்கும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கலாம். முதல்முறை இழுத்துப் பார்த்த 15 வயதுப் பிள்ளைக்கு இது பொருத்தமே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளையை மிரட்டிக் கொண்டு திரிய வைக்கிறார்கள், கடன் இருக்கிறது என்று சொல்லி விலக விட மறுக்கிறார்கள் என்றால் அங்கே பிள்ளை பாதிக்கப்பட்டவர். அப்போது தனியாகப் பொலிஸுக்குப் போகாமல், முதலில் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கோ, பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ பேசி, ஒரு சட்டத்தரணியோடு போங்கள். கடனைக் காசு கொடுத்துத் தீர்த்தால் முடிந்துவிடும் என்று நம்பாதீர்கள். காசு வரும் வீடு என்று தெரிந்தால் இரண்டாவது கடனும் எழும்.

ஊர் மாற்றி அனுப்புவது

ஒரே ஒரு கூட்டம், ஒரே ஒரு ஆள்தான் பிரச்சினை, அதுவும் மிரட்டல் இருக்கிறது என்றால் இது பயன்படும். மற்ற நேரங்களில் பலவீனம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கஞ்சா கிடைக்காத இடம் இல்லை. புது ஊரில் தனித்த பிள்ளைக்கு முதலில் கை கொடுப்பவர் யார் என்பதும் பெரியம்மாவுக்குத் தெரியாது. படிப்பையும் யோசியுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையில் பகிரப்படுகின்றன. பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 சதவீதம். உயர்தரம் படிக்கும் நேரத்தில் மாவட்டம் மாற்றினால் எந்த மாவட்டக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று அதிபரிடம் கேட்காமல் விடுகைப் பத்திரம் எடுக்க வேண்டாம்.

பெண்பிள்ளை என்றால் ஊர் மாற்றத்தின் இடத்தில் கலியாணப் பேச்சு எடுக்கும் வீடுகள் உண்டு. அது போதைக்கு மருந்தும் அல்ல, 18க்கு முன் சட்டமும் இடம் தராது.

வீட்டு உடன்படிக்கை

புதிதாகப் பிடிபட்ட, கஞ்சா மட்டும் பாவிக்கும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எங்கள் தெரிவு இதுதான். கடினமும் இதுதான், ஏனென்றால் வேலை பெற்றோருக்கு.

பேசுபவர் ஒருவர் மட்டும். பிள்ளை யாரிடம் குறைவாகப் பயப்படுகிறதோ அவர். தகப்பன் இல்லாத, தாய் மத்திய கிழக்கில் இருக்கும் வீடுகளில் அம்மம்மாவோ சித்தியோ ஆகலாம். சபை கூட்ட வேண்டாம். முகத்துக்கு முகம் இருத்தி வைக்காமல், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதோ வயலில் வரம்பு வெட்டும்போதோ பக்கத்தில் நின்று 15, 20 நிமிடம். தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"தம்பி, நேற்று உன்ர பேக்குக்குள்ள இருந்ததை எடுத்துக் கொட்டிப்போட்டன். கத்தப் போறேல்லை, ஆருக்கும் சொல்லவும் இல்லை. எப்ப தொடங்கினது எண்டதை மட்டும் சொல்லு."

அதன்பின் பேசாமல் இருங்கள். ஒரு நிமிட அமைதி பெற்றோருக்குத் தாங்காது, ஆனால் பதில் அதற்குள்ளிருந்துதான் வரும். "ஆர் தந்தது?" என்று முதலில் கேட்டால் பேச்சு அங்கேயே முடியும், கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கப் பிள்ளை சம்மதிக்காது.

பாவனை எவ்வளவு ஆழம் என்று அறிய, பதின்ம வயதினருக்காக உருவான கிராஃப்ட் என்ற ஆறு கேள்விகள் உதவும். போதையில் இருந்தவர் ஓட்டிய வாகனத்தில் ஏறினதா, அல்லது தானே போதையில் ஓட்டினதா? மனம் ஆறவோ கூட்டத்தோடு ஒட்டவோ பாவித்ததா? தனியே இருந்து பாவித்ததா? செய்ததை மறந்ததா? வீட்டாரோ கூட்டாளியோ குறைக்கச் சொன்னார்களா? பாவித்ததால் சிக்கலில் மாட்டியதா? இரண்டு அல்லது அதற்கு மேல் "ஓம்" என்றால் வீடு மட்டும் போதாது, கிளினிக்கும் வேண்டும். முதல் கேள்வியை இங்கே கூடுதலாக அழுத்திக் கேளுங்கள். இரவில் ஏ9 வீதியில் ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் ஏறிய மோட்டர் சைக்கிள், கஞ்சாவைவிட வேகமாக உயிரை எடுக்கும்.

உடன்படிக்கையை ஆறு கிழமைக்கு, கொப்பி ஒற்றையில், நான்கு வரிக்கு மேற்படாமல் எழுதுங்கள். எத்தனை மணிக்கு வீட்டில் நிற்பது. மோட்டர் சைக்கிள் திறப்பு யார் கையில். ரியூசன் காசு நேரே ரியூசனுக்கு. நான்காவது வரிதான் உயிர்: பாவித்துவிட்டுத் தானாக வந்து சொன்னால் தண்டனை இல்லை, ஒளித்துப் பிடிபட்டால் திறப்பு ஏழு நாள் போகும். தண்டனை சின்னதாக, கட்டாயம் நடப்பதாக இருக்க வேண்டும். "மூன்று மாசம் போன் இல்லை" என்று கோபத்தில் சொன்னதை நாலாம் நாளே தளர்த்தினால் மற்ற மூன்று வரியும் வெறும் தாள். ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஒற்றையைப் பார்த்துப் பேசுங்கள்.

இது முறிவது பெரும்பாலும் பிள்ளையால் அல்ல. தாய் மறுத்த காசை அம்மம்மா இடுப்பு முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பார். "அப்பா குடிக்கலாம், நான் மட்டும் ஏன்?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானது. தகப்பன் ஆறு கிழமைக்கு வீட்டில் குடிப்பதை நிறுத்துவதுதான் மதிப்புள்ள பதில். இன்னொன்று சிகரெட். கஞ்சாவை அதோடு கலந்து சுருட்டும் பிள்ளைக்கு நிக்கொட்டின் பழக்கமும் சேர்ந்தே வந்திருக்கும். கஞ்சாவை விட்டபின் சிகரெட் கூடினால் அது புதுக் கெட்ட பழக்கம் அல்ல, பழையதன் மிச்சம். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்க 2006ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. பக்கத்துக் கடைக்காரரிடம் இதைத் தணிந்த குரலில் நினைவுபடுத்தலாம்.

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டியை வாங்கி வைக்கலாமா? அது பாவனையைக் காட்டும், நேரத்தைக் காட்டாது. ஒருதரம் பாவித்தால் ஏறத்தாழ மூன்று நாள், கிழமைக்குச் சில தடவை என்றால் ஒரு கிழமை, நாளாந்தம் இழுத்தவரில் 30 நாளுக்கும் மேல் தெரியலாம். எனவே மூன்றாம் கிழமையில் பட்டி கஞ்சா இருப்பதாகக் காட்டியது என்பதால் பிள்ளை பொய் சொல்கிறது என்று ஆகாது. நிறையத் தண்ணி குடித்தால் மறையும். சில மருந்துகளால் பாவிக்காத பிள்ளையும் பாவித்ததாகக் காட்டலாம். கஞ்சாவுக்கான பட்டி ஐஸையோ பிரிகாபலினையோ காட்டாது. பிள்ளை தானே "வேணுமெண்டால் பாருங்கோ" என்று சம்மதித்தால் மட்டும் பாவியுங்கள். கழிவறைக் கதவில் காவல் நின்று எடுக்கும் பரிசோதனை, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைக் கொன்றுவிடும்.

ஆஸ்பத்திரி உளநலப் பிரிவு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் உளநல சேவை உண்டு. அரச ஆஸ்பத்திரி என்பதால் கட்டணம் இல்லை. கிளினிக் நாளை முன்பே கேட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பாடசாலை நாள் ஒன்று வீணாகும். கஞ்சாவுக்கென்று மாத்திரை கிடையாது என்பதைப் பெற்றோர் முன்பே அறிந்திருக்க வேண்டும். ஊசி, மருந்து எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் "சும்மா கதைச்சு அனுப்பினம்" என்று இரண்டாம் தவணைக்குப் போகாமல் விடுகிறார்கள். அந்தப் பேச்சுத்தான் சிகிச்சை. அமெரிக்காவில் 600 பதின்ம வயதினரோடு நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஐந்தே அமர்வு கொண்ட உளவளத்துணை நீண்ட முறைகளுக்குப் பின்தங்கவில்லை. ஐந்து தவணை என்பது பஸ் காசு பார்த்தாலும் ஒரு குடும்பம் தாங்கக்கூடியது.

2009க்குப் பின் பிறந்த பிள்ளைகள் போரைக் காணவில்லை, ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் தொங்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் பலர். நித்திரைக்காக இழுக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், நித்திரை ஏன் போனது என்று கேட்கத் தெரிந்தவர் தேவை. அதை உடன்படிக்கையால் தீர்க்க முடியாது.

ஆறு கிழமை காத்திராமல் உடனே போக வேண்டியவை: இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சூழ்ச்சி செய்கிறார்கள் என்ற உறுதி, தன்னைக் காயப்படுத்துவது, நெருங்கிய உறவில் யாருக்காவது உளப்பிளவு நோய் இருந்தது. வளரும் மூளையில் கஞ்சாவின் ஆபத்து கூடுதல். பதின்ம வயதில் தொடங்குபவரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அடிமையாகிறார். போகமுன் பேச வேண்டுமென்றால் 1926 தேசிய உளநல இலக்கம், 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம்.

தங்கவைக்கும் நிலையங்கள்

கஞ்சா மட்டும் பாவிக்கும் பள்ளிப் பிள்ளைக்கு இது தேவையற்றது, பல வேளை தீங்கு. அங்கே பிள்ளையோடு கூட இருப்பவர்கள் ஹெரோயினும் ஐஸும் பாவித்த பெரியவர்களாக இருக்கலாம். புதுப் பொருளின் பெயரையும் விற்பவரின் தொடர்பையும் அங்கேதான் அறிந்து வரும். பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடு நிலையத்தில் 2022 யூனில் ஒருவர் இறந்ததையடுத்துக் கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினர். ஐஸ், ஹெரோயின் என்று போய் வைத்தியரே தங்கிச் சிகிச்சை வேண்டும் என்றால், தனியார் நிலையத்திடம் கேட்க வேண்டியவை: 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் உண்டா, வைத்தியர் எந்த நாளில் வருவார், தமிழில் பேசும் உளவளத்துணையாளர் இருக்கிறாரா, 18க்குக் குறைந்தவரைப் பிரித்து வைக்கிறார்களா, தாய் எப்போது பார்க்கலாம். "முதல் மாசம் ஒருவரும் பார்க்கேலாது" என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை இறக்க வேண்டாம்.