புத்தகம் படித்தவர், விமர்சனம் படித்தவர், எதுவும் படிக்காதவர்

‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலக் காட்சிக்கு அத்தை, அத்தையின் பேரன், நான் என மூன்று பேர் போனோம். அத்தைக்குக் கல்கி எழுதிய மூல நாவல் தலைகீழ்ப் பாடம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் அது தொடராக வந்தபோது அவருடைய அப்பா வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்தார். அந்தத் தொகுப்பு இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது. பேரன் முதல் பாகத்தைப் பார்த்ததோடு சரி, நாவலைத் தொட்டதே இல்லை. நான் கல்லூரிக் காலத்தில் ஐந்து பாகத்தையும் அவசரமாகப் படித்து முக்கால்வாசியை மறந்துவிட்டவன். படத்துக்குப் போகுமுன் நாலைந்து விமர்சனங்களைப் படித்திருந்தேன்.

ஒரே திரை, ஒரே வரிசை. ஆனால் மூன்று பேரும் பார்த்தது மூன்று படம்.

அத்தை இடைவேளை வரை சரிபார்த்துக்கொண்டே இருந்தார். “மணிமேகலையைக் காணோமேடா?” என்று என் முழங்கையை இடித்தார். கடைசியில் மகுடம் மதுராந்தகருக்குப் போனபோது, “சேந்தன் அமுதன் என்ன ஆனான்?” என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார். முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அத்தை கேட்டது நியாயமான கேள்விதான். நாவலில் உண்மையான மதுராந்தகன் சேந்தன் அமுதன்தான், பட்டமும் அவனுக்குத்தான். படம் அந்தத் திருப்பத்தையே விட்டுவிட்டது.

பேரனுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. பெயர்கள் குழம்பின, யார் யாருக்குச் சித்தப்பா என்று இரண்டு தடவை கேட்டான். ஆனால் கடம்பூர் மாளிகையில் கரிகாலனும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் காட்சியில் பாப்கார்ன் டப்பாவுக்குள் விட்ட கை அப்படியே நின்றுவிட்டது. காட்சி முடியும் வரை அவன் அதை வெளியே எடுக்கவில்லை. எங்கள் மூவரில் அந்தக் காட்சியை முழுசாகப் பார்த்தவன் அவன்தான்.

நான் என்ன செய்தேன்? காத்துக்கொண்டிருந்தேன். “இரண்டாம் பாதியில் வேகம் குறைகிறது” என்று படித்திருந்தேன். இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததிலிருந்து அந்தத் தொய்வு எப்போது வரும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே வந்ததும் “செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை” என்று என் வாயிலிருந்து வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அது நான் சொன்னது இல்லை என்று உறைத்தது.

அன்றிலிருந்து எனக்கு இந்த இரண்டு வகைப் படிப்பையும் எடை போட்டுப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

புத்தகம் படித்துவிட்டுப் போகிறவர் தன் சொந்தப் படத்தோடு போகிறார். அத்தையின் மனதில் கதாநாயகன் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். அவனுக்கு, தொடருக்கு ஓவியம் போட்ட மணியம் வரைந்த முகம். மணிரத்னத்தின் முதல் பாகம் போர்க்களத்தில் தொடங்கியதும் அத்தைக்குள் ஒரு சண்டை தொடங்கிவிட்டது. அந்தச் சண்டையை நான் குறையாக நினைக்கவில்லை. எத்தனையோ மதியங்கள் செலவழித்து அவரே கட்டிய சோழநாடு அது, விட்டுக்கொடுக்க மாட்டார். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று அவரால் அத்தியாயம் வாரியாகச் சொல்ல முடியும்.

விமர்சனம் படித்துவிட்டுப் போகிறவரிடம் சொந்தமாக எதுவும் இல்லை. ஐந்து நிமிடத்தில் படித்த ஒரு வரி மட்டும் இருக்கிறது. எதிர்த்து நிற்க உள்ளே ஒன்றும் இல்லாததால் அந்த வரி சுலபமாக உட்கார்ந்துகொள்கிறது. பாராட்டும் இதையேதான் செய்கிறது. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ அப்போது ஓடவில்லை. இன்று ஒரு இருபது வயதுப் பையன் “காவியம்” என்று கேட்டுக் கேட்டே அதைப் பார்க்க உட்காருகிறான். அவனுக்கு ஒரு காட்சி நாடகத்தனமாகப் பட்டால் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறான். எனக்கும் பிடித்த படம்தான். ஆனாலும் அந்தக் கூச்சம் அந்தப் படத்துக்கு நல்லதில்லை.

சரி, எப்போதும் புத்தகத்தை முதலில் படித்துவிடலாமா? இதில் நான் ஒரு தடவை நன்றாகவே தவறிவிட்டேன். ‘அசுரன்’ 2019ல் வந்தது. அதற்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’ 1982லேயே வந்த நாவல். நான் படத்தை முதலில் பார்த்தேன், அப்புறம்தான் நாவலை எடுத்தேன். நாவல் அந்தப் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் கதை. வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான், அப்பனோடு காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறான். கஞ்சி, தண்ணீர், படுக்க ஒரு மறைவு என்று நாட்கள் நகர்கின்றன. படத்தை இயக்கிய வெற்றிமாறன் கதையின் பாரத்தை அப்பன் சிவசாமி மேல் ஏற்றினார். அவருக்கு எரிகிற ஒரு பழங்கதையைப் பெரிதாக எழுப்பிக் கொடுத்தார். படமாக அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் நாவலைப் படிக்கும்போது அப்பன் பேசும் ஒவ்வொரு இடத்திலும் சிவசாமியாக நடித்த தனுஷின் முகம் வந்து நின்றது. பையன் பின்னால் போய்விட்டான். பூமணி எனக்குக் காட்ட நினைத்த சிதம்பரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, இனிமேல் பார்க்கவும் முடியாது.

ஆக, நாவலை முதலில் படித்தால் படத்துக்குக் கொஞ்சம் சேதம். படத்தை முதலில் பார்த்தால் நாவலுக்குப் பெரும் சேதம். அத்தை இரண்டு மாதம் கழித்து மறுபடி ‘பொன்னியின் செல்வன்’ படத்தைப் பார்த்தார், ரசித்தும் பார்த்தார். எனக்கு ‘வெக்கை’யில் அந்த இரண்டாம் வாய்ப்பு கிடைக்கவில்லை. நல்ல நாவலாக இருந்தால் அதை முதலில் படிப்பதே என் கட்சி. நேரமில்லை என்றால் படத்தைத் தள்ளி வைக்கலாம்.

விமர்சனத்தில் விஷயம் வேறு. அதில் எப்போது படிக்கிறோம் என்பதுதான் முழு வித்தியாசமும். ஆனந்த விகடன் இதழ் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்ட காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘16 வயதினிலே’ படத்துக்கு 1977ல் 62.5 மார்க் கொடுத்தார்கள். அந்த அரை மார்க்கைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. சென்னையில் இருந்தவருக்கு அந்த இதழ் கைக்கு வருவதற்குள் படம் பார்த்து முடிந்திருக்கும்; டீக்கடையில் சண்டை போட ஒரு ஆள் கிடைத்த மாதிரி. எங்கள் ஊர் போன்ற இடங்களில் கதை தலைகீழ். படப்பெட்டி வர மாதங்கள் ஆகும். அதற்குள் மார்க் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். டூரிங் டாக்கீஸ் மணலைக் குவித்து உட்காரும்போதே படம் பாஸா ஃபெயிலா என்று எங்களுக்கு முடிவாகியிருக்கும்.

இப்போது எல்லோரும் அந்த டூரிங் டாக்கீஸ் மணலில்தான் உட்கார்ந்திருக்கிறோம். முதல் காட்சி முடிந்து வாசலில் மைக்கை நீட்டுகிறார்கள். பதினோரு மணிக்கு “மொக்கை”யோ “வேற லெவல்”லோ நம் கைக்கு வந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பு, படம் வந்து மூன்று நாளைக்கு விமர்சனம் கூடாது என்று தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. அது சரியான முடிவு. பார்த்தவன் வாயைக் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அந்த மூன்று நாளை நானே எனக்கு விதித்துக்கொண்டேன். போனில் தலைப்பைக் கண்டாலும் தள்ளிவிடுகிறேன். படம் பார்த்துவிட்டு வந்து, எனக்குத் தோன்றியதை நாலு வரி எழுதி வைத்துவிட்டு, அப்புறம் விமர்சனங்களைத் திறக்கிறேன். நான் கவனிக்காத ஒளிப்பதிவை ஒருவர் சொல்லித் தருகிறார். நான் ரசித்த வசனத்தில் ஒளிந்திருந்த அசட்டுத்தனத்தை இன்னொருவர் காட்டுகிறார். விமர்சனம் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது இப்படிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான்.

அன்று தியேட்டரிலிருந்து வீடு திரும்பியதும் பேரன் அந்த பைண்டு தொகுப்பைக் கேட்டான். பக்க ஓரங்கள் பழுப்பேறி, நடுநடுவே பழைய விளம்பரங்களோடு இருந்த முதல் பாகத்தை அத்தை எடுத்துக் கொடுத்தார். ஏரிக்கரையைத் தாண்டி இருபது பக்கம் போயிருப்பான். “பாட்டி, வந்தியத்தேவன் படத்துல வர்ற கார்த்தி மாதிரியே பேசுறான்” என்றான். அத்தை புத்தகத்தை வாங்கி, மணியத்தின் படம் இருந்த பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார்.