தாத்தா விட்டுப்போன ரிவால்வர்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா, ஐவர் ஜான்சனா?

அமெரிக்காவில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது அலமாரி மூலையில் அடிக்கடி அகப்படுவது, நடுவில் மடித்துத் திறக்கும் ஐந்து தோட்டா ரிவால்வர். எடுத்ததும் விசையில் விரல் படாமல், குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, மேலுள்ள கொக்கியைத் தூக்கி மடித்து, ஐந்து அறைகளும் காலியா என்று பாருங்கள். அப்புறம்தான் மற்ற ஆராய்ச்சி.

முதலாவது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .38 (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்) டபுள் ஆக்‌ஷன். 1880-இல் வந்தது, 1911 வரை செய்தார்கள். வேலைப்பாடு அருமை. வரிசை எண் கைப்பிடியின் அடியில் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று பழைய பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தருகிறார்கள். தாத்தா பேரே வந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு கடைக்குத்தான் போயிருக்கும்.

இரண்டாவது, ஐவர் ஜான்சன் சேஃப்டி ஆட்டோமேட்டிக். 1894-இல் வந்த மலிவு விலைச் சரக்கு. 1901-இல் பஃபலோவில் அதிபர் மெக்கின்லியைச் சுட்டது இந்த வகை .32 தான். மலிவு என்றாலும் உள்ளே ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு: விசையை முழுதாக இழுத்தால்தான் ஒரு சின்ன எஃகுப் பட்டை மேலேறி, பின்னாலுள்ள சுத்தியலின் அடியை, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசிக்குக் கடத்தும். அதனால்தான் துப்பாக்கியின் சுத்தியலையே நிஜச் சுத்தியலால் அடித்துக் காட்டி விளம்பரம் செய்தார்கள். ஸ்மித்தில் ஊசி சுத்தியலோடு சேர்ந்தே இருக்கும். தோட்டாவோடு கீழே விழுந்தால் ஆபத்து.

சரி, எதைச் சுடலாம்? பழைய துப்பாக்கிகள் கருமருந்து என்ற, புகை கக்கும் பழைய வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அந்தக் கால இரும்பு நம்பிக்கையாகத் தாங்காது. ஐவர் ஜான்சன் 1909-இல் கொண்டுவந்த மூன்றாம் மாடல் மட்டும் புகையில்லா மருந்துக்கென்றே வலுவாக்கப்பட்டது. ஐவர் ஜான்சனின் கைப்பிடியில் முத்திரையாக உள்ள ஆந்தை குழல் பக்கம் பார்த்தால் பழையது, பின்னால் பார்த்தால் புதியது என்பார்கள். நான் ஆந்தையை நம்பமாட்டேன். கைப்பிடித் தகடு மாறியிருக்கலாம். தகட்டைக் கழற்றிப் பாருங்கள்: தட்டை வில் என்றால் பழையது, சுருள்வில் என்றால் மூன்றாம் மாடல். வரிசை எண்ணும் அங்கேதான், இடது தகட்டுக்குள்.

தோட்டாவில் இன்னொரு வம்பு. இரண்டின் .38 வடிவத்துக்கும் வேண்டியது .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சுருக்கம்) என்ற தோட்டா. கடையில் எளிதாகக் கிடைக்கும் .38 ஸ்பெஷல் வேறு: நீளம் அதிகம், அழுத்தமும் அதிகம். சாதாரணமாக உள்ளே போகாது. போனால் யாரோ அறையைக் குடைந்திருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியை இனி சுடவே கூடாது.

என் ஓட்டு: பெட்டிக்குள் ஸ்மித், சுடுகளத்துக்கு மூன்றாம் மாடல் ஐவர் ஜான்சன். அதையும் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவர் பார்த்து, உருளை ஆடுகிறதா, மடிப்பு தளர்ந்திருக்கிறதா என்று சொன்ன பிறகுதான். ஸ்மித்தை மெருகேற்றிப் பளபளப்பாக்க வேண்டாம், விலை போய்விடும்.

சட்டத்தில் கதை தலைகீழ். 1898 வரை செய்தவையே மத்திய சட்டப்படி பழம்பொருளாகி, துப்பாக்கி விதிகளிலிருந்து சலுகை பெறும்; மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஆக, சுடத் தோதான மூன்றாம் மாடலுக்கு அந்தச் சலுகை கிடையாது.