₹21,500 போச்சு: பழைய கர்நாடக இசைத்தட்டு வாங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் படியுங்கள்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அந்த ஆள் என்னை பிளாக் செய்துவிட்டான். பதினெட்டு நாளாக "அண்ணா, அண்ணா" என்று உருகியவன். மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுத நினைத்தேன், விரல் வரவில்லை. எட்டுத் தட்டு, ₹21,500. கூரியர் செலவும் அதில் அடக்கம்.

பக்கத்தின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நண்பர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வகையை மட்டும் சொல்கிறேன். படம் போடுகிற ஆப் ஒன்றில் பழைய இசைத்தட்டு விற்கிற பக்கம் அது. கடை கிடையாது, பில் கிடையாது. ஒரு மர மேஜை, பின்னால் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, எல்லாப் படத்திலும் அதே மஞ்சள் வெளிச்சம். பார்த்தாலே ஏதோ சங்கீதக் குடும்பத்து வீட்டுக் கூடம் மாதிரி இருக்கும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

நான் இதில் புதுசு இல்லை. அதுதான் வெட்கக்கேடு. அப்பா சென்னை மூர் மார்க்கெட்டில் தேடித் தேடித் தட்டு வாங்கினவர். 1985ல் அது எரிந்துபோனபோது சொந்தக்காரர் போன மாதிரி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஹெச்எம்வி ஃபியஸ்டா ரெக்கார்ட் பிளேயர் பெட்டி. அதன் கனமான கையும் மழுங்கிய ஊசியும் எத்தனை தட்டைத் தின்றிருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. இன்றைக்கு நல்ல கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்தியிருக்கிற தலை) சுமார் 2 கிராம் அழுத்தத்தில் ஓடும். அந்தக் காலத்துப் பெட்டிகள் அதைவிட இரண்டு மூன்று மடங்கு அழுத்தும். அதனால் நம் ஊர் வீடுகளிலிருந்து வருகிற தட்டுகளில் மேலே கீறலே இல்லாவிட்டாலும் ஊசி ஓடுகிற பள்ளம் உள்ளே தேய்ந்திருக்கும். உச்ச ஸ்தாயிக்குப் போனதும் நாகஸ்வரம் கிழியும். இதெல்லாம் நானே நாலு பேருக்குச் சொன்ன பாடம்.

அப்புறம் எப்படி ஏமாந்தேன்? ராம்நாட் கிருஷ்ணனால்.

1960களின் பிற்பாதியில் அவர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போயிருந்தார். அந்த நாட்களில் நான்சச் என்கிற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் தன் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் அவர் பாட்டை இரண்டு தட்டுத் தொகுப்பாக வெளியிட்டது. வி. தியாகராஜன் வயலின், டி. ரங்கநாதன் மிருதங்கம், வி. நாகராஜன் கஞ்சிரா. கச்சேரி மண்டபத்து மைக் இரைச்சல் இல்லாமல், பக்கத்து அறையில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி ஒரு பதிவு. அவர் குரல் மெல்லிசு. சத்தம் போட்டு ஜெயிக்கிற பாட்டு இல்லை, கிட்டே போய்க் கேட்க வேண்டிய பாட்டு. இந்த மாதிரிப் பாட்டுக்குத் தட்டு சுத்தமாக இல்லாவிட்டால் எதற்கும் பிரயோஜனம் இல்லை, சருகு மேல் நடந்துகொண்டே பாடுகிற மாதிரி இருக்கும். ஏழெட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். "கேக்கறதுக்கு ஃபோன்லயே வருதே, இது எதுக்கு?" என்று வீட்டில் கேட்டால் எனக்கு இன்றுவரை சரியான பதில் கிடையாது.

அவன் பக்கத்தில் அந்தத் தொகுப்பு வந்தது. செய்தி அனுப்பினேன். அரை மணியில் ஃபோன். முப்பது வயசுக் குரல். முதலில் "சார்". அப்பா, மூர் மார்க்கெட், ஃபியஸ்டா எல்லாம் நானாகவே உளறினேன். அடுத்த நிமிஷமே "அண்ணா" ஆகிவிட்டேன். அப்புறம் அவன் சொன்னதுதான் என்னைச் சாய்த்தது.

"அண்ணா, ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். கவர்ல கீழ மூலையில ஒரு இஞ்சு கிழிஞ்சிருக்கு. பின்பக்கம் நீல மையில யாரோ தேதி எழுதியிருக்காங்க. தட்டு மட்டும் நியர் மின்ட். பிடிக்கலைன்னா வேணாம்ணா, மனசுக்குப் பிடிச்சாத்தான் வாங்கணும்."

நியர் மின்ட் என்றால் கிட்டத்தட்ட புதுசு. குறையை அவனே வாய்விட்டுச் சொல்லிவிட்டான் அல்லவா, இனி மறைக்க என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அந்த ஒரு இஞ்சுக் கிழிசலுக்குத்தான் நான் ₹21,500 கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே படம் படமாக வர ஆரம்பித்தது. எஸ். பாலசந்தர் வீணை மூன்று, எம்.டி. ராமநாதன் பாட்டு இரண்டு, காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் ஒன்று. எல்லாம் கல்கத்தா டம்டம்மில் இருந்த ஹெச்எம்வி ஆலை அச்சு, எல்லாம் "ஒரே மாமா வீட்டுக் கலெக்‌ஷன், அவர் பையன் அமெரிக்கா போறாராம்". நான்சச் தொகுப்பு 8,000. வீணை மூன்றும் 5,400. எம்.டி.ஆர் 4,500. நாகஸ்வரம் 2,800. கூரியர் 800. "சுப்ரபாதம் ஒண்ணு ஃப்ரீயா வெக்கறேன்ணா" என்றான். 1963ல் வந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு வாங்கின தட்டு அது, எங்கே கை விட்டாலும் ஒன்று கிடைக்கும். ஆனாலும் அந்த நேரத்தில் நெஞ்சு குளிர்ந்தது.

வீணைத் தட்டு ஓடுகிற வீடியோ ஒன்றும் அனுப்பினான். முப்பது விநாடி. தட்டு சுற்றுகிறது, ஆலாபனை தொடங்குகிறது, ஒரு பொட்டு கிராக்கிள் (படபட இரைச்சல்) இல்லை. காதில் இயர்ஃபோனை மாட்டி நாலு தடவை கேட்டேன். கேட்டுக்கொண்டே பணத்தை அனுப்பினேன். கணக்கு ஒரு பெண் பெயரில் இருந்தது. "வொய்ஃப் அக்கவுன்ட்ணா." சரி.

ஆறாம் நாள் பெட்டி வந்தது. அட்டை, பபிள் ராப், எல்லாம் ஒழுங்கு. கவரில் அவன் சொன்ன கிழிசல், அவன் சொன்ன நீல மை தேதி. முதல் தட்டை உருவினேன். கண்ணாடி மாதிரி மின்னியது. மூக்குக்கு அருகே கொண்டுவந்தபோது ஒரு வாசனை. எங்கேயோ பழகின வாசனை. குளித்து முடித்த குழந்தைத் தலை வாசனை.

தேங்காய் எண்ணெய்.

எட்டுத் தட்டிலும் துணியில் தொட்டுத் துடைத்திருக்கிறான். எண்ணெய் பட்டால் மயிரிழைக் கீறல் எல்லாம் வெளிச்சத்தில் மறைந்துவிடும், கறுப்பு கறுப்பாகப் பளபளக்கும். இரண்டு மூன்று தடவைக்குச் சத்தத்தைக்கூடக் கொஞ்சம் அமுக்கும். அப்புறம் தூசியோடு சேர்ந்து பள்ளத்துக்குள் களிம்பு மாதிரி உட்காரும். நான் ஊசியை வைத்து ஒரு பக்கம் முடிவதற்குள் ஊசி முனையில் பஞ்சு உருண்டை மாதிரி அழுக்கு தொங்கியது. காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, லேபிள் நனையாமல் எட்டையும் கழுவினேன். வெள்ளைத் துணி மஞ்சளாகி வந்தது. பளபளப்பு போனதும் நிஜ முகம் தெரிந்தது. பள்ளமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

ராம்நாட் கிருஷ்ணன் இரண்டாம் தட்டில் குறுக்கே ஒரு கீறல். நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்த மனிதர் நிதானமாகப் பாடிக்கொண்டிருக்க, 1.8 விநாடிக்கு ஒரு தடவை 'டக்'. ரங்கநாதன் மிருதங்கத்துக்கு நடுவில் இவன் போட்ட இன்னொரு தாளம். எம்.டி.ஆர் தட்டு ஒன்று தோசை மாதிரி வளைந்திருந்தது. அவர் கீழே ஷட்ஜத்தில் போய் நின்றால் தூண் மாதிரி நிற்பார் அல்லவா, அந்தத் தூண் ஆடுகிறது. கூடவே தம்பூராவும் ஆடுகிறது. சுருதியே அலைகிற கர்நாடக இசையை எதற்கு உட்கார்ந்து கேட்பது? காருகுறிச்சியைப் பற்றி எழுத மனசு வரவில்லை. ஃபியஸ்டா தின்ற தட்டு.

அன்றைக்கே படம், ஒலிப்பதிவு எல்லாம் அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்த பதில்களை வரிசையாகத் தருகிறேன்.

"கூரியர்ல அடிபட்டிருக்கும்ணா." (எண்ணெய் கூரியர்காரர் தடவினாரா?)

"உங்க ஊசி பழசா இருக்கும்ணா, மாத்திப் பாருங்க." (போன வருஷம்தான் மாற்றினேன். ஆனாலும் முட்டாள் மாதிரி ஒரு நண்பர் வீட்டுக்கு எட்டுத் தட்டையும் தூக்கிக்கொண்டு போய் அவர் பெட்டியிலும் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் டக்.)

"பழைய தட்டுன்னா கிராக்கிள் வரத்தான்ணா செய்யும். அதுதானே வினைலோட அழகு."

"பேக் பண்ணினது மச்சான்ணா. அவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"ஊர்ல ஒரு சாவுண்ணா. திங்கட்கிழமை பேசலாம்."

திங்கட்கிழமை நீல டிக் மட்டும் வந்தது. புதன்கிழமை "சரிண்ணா, 2,000 திருப்பித் தரேன், பெருசு பண்ணாதீங்க" என்றான். அந்த 2,000மும் வரவில்லை. ₹21,500க்கு 2,000 என்று பேரம் பேசினவன் அதையாவது அனுப்பியிருக்கலாம். நண்பர்களிடம் சொன்னால் "பொருள்தான் வந்துடுச்சே, அப்புறம் எப்படி மோசடின்னு சொல்லுவே?" என்கிறார்கள். காலிப் பெட்டி வந்திருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த நாட்களில் ஒரு ராத்திரி அந்த வீடியோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை காதால்தான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுக் கண்ணால் பார்த்தேன். ஊசி எங்கே இருக்கிறது? லேபிளுக்கு இரண்டு விரல் தள்ளி. அதாவது அந்தப் பக்கம் முடியப் போகிற இடம். எல்பி வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே போகும், இது பெட்டி வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். ஆனால் வீடியோவில் கேட்கிறது முதல் பக்கத்தின் ஆரம்ப ஆலாபனை. என் ஃபோனில் இருக்கிற டிஜிட்டல் பதிவைப் பக்கத்தில் ஓடவிட்டேன். அதேதான். சுற்றுகிற தட்டு ஒன்று, கேட்கிற சத்தம் இன்னொன்று. ஒரு பொட்டு கிராக்கிள் இல்லாததன் ரகசியம் அதுதான். நாலு தடவை கேட்டேன் என்று சொன்னேனே, நாலு தடவையும் ஊசி என் கண் எதிரிலேயே இருந்தது.

இதைக் கேட்டுத்தான் நேற்று எழுதினேன். "ஊசி ஏன் அங்கே இருக்கிறது?" என்று ஒரே வரி. படித்தான். பதினொன்றரைக்கு பிளாக். பக்கத்தில் நான் போட்ட கமென்ட் இரண்டும் காணோம். அங்கே இப்போது பூங்கொத்துப் பொம்மைகளாகத்தான் இருக்கின்றன.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது இருக்கிற மனநிலையில் இவ்வளவுதான் வருகிறது. வீடியோ கேட்டால் கையில் எடுத்த தட்டு, லேபிள், ஊசி வைக்கிற கணம் எல்லாம் வெட்டாமல் ஒரே ஷாட்டில் கேளுங்கள். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கிற வெற்று வளையத்தில் ஒரு எண் பொறித்திருக்கும், அதையும் காட்டச் சொல்லுங்கள். படம் எடுத்தால் மஞ்சள் விளக்கு வேண்டாம், சாய்வான வெள்ளை வெளிச்சம். முதல் தடவை ஒரு தட்டுக்கு மேல் வாங்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. முகர்ந்து பாருங்கள், சிரிக்காதீர்கள். பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், என்னை மாதிரி "திங்கட்கிழமை பேசலாம்" என்று காத்திருக்க வேண்டாம். நுகர்வோர் உதவிக்கு 1915.

வீட்டில் மொத்தம் ஆறாயிரம் ஆயிற்று என்று சொல்லி வைத்திருக்கிறேன். ₹21,500 என்று இங்கே எழுதியதை யாரும் அங்கே போட்டுக்கொடுக்காதீர்கள்.

இதை இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இன்று காலை ஒரு நண்பர் அனுப்பிய படம். அவன் பக்கத்தில் புதிதாக ஒரு விற்பனை. ராம்நாட் கிருஷ்ணன், நான்சச், இரண்டு தட்டு, நியர் மின்ட், "கவரில் சின்னக் கிழிசல் மட்டும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன்". அதே மூலை, அதே ஒரு இஞ்சு, பின்பக்கம் அதே நீல மை தேதி. அந்தக் கவர் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. இந்தத் தடவை 9,500 கேட்கிறான்.