பூவில் நிறப்படி: விருந்து மேசைக்கு உருளியா, சரமா, குப்பிகளா, ஃபோமா?

வெள்ளையில் தொடங்கி இளமஞ்சள், மாம்பழ மஞ்சள், ஆரஞ்சு எனச் சிவந்துகொண்டே போய் அரக்கில் முடிகிற பூ வரிசை வளைகாப்பு, நிச்சயதார்த்தம், தீபாவளி விருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தும். புடவையில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நிறம் அடர்ந்துகொண்டே போகுமே, அதையே மேசையில் பூவால் செய்கிற வேலைதான் நிறப்படி; வரிசையில் ஒவ்வொரு நிறமும் ஒரு படி. தண்ணீர் நிரப்பிய உருளி, ஊசியில் கோர்த்த சரம், வரிசையாக வைத்த சிறு குப்பிகள், ஃபோமில் (தண்ணீர் உறிஞ்சும் பூ அலங்காரப் பஞ்சுக்கல்) குத்திய நீள அலங்காரம் என நாலு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. நாலும் படத்தில் அழகாகத்தான் இருக்கும். மேசையில் இலை போட்டு, ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும்தான் வித்தியாசம் தெரியும்.

எடுத்துக்காட்டுக்கு, வீடுகளில் பரவலாக உள்ள 6 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசையை வைத்துக்கொள்வோம். அகலம் 90 செ.மீ. இரு பக்கமும் இலை போட்டால் பக்கத்துக்கு 33 செ.மீ. போய்விடும், நடுவில் மிச்சம் 24. அதிலேயே தண்ணீர் டம்ளரும் நிற்க வேண்டும். ஆகவே பூவுக்குக் கிடைப்பது 15 செ.மீ. அகலம்தான். உயரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் மேசைப்பலகைக்குச் சுமார் 45 செ.மீ. மேலே இருக்கும். பூ 30 செ.மீ. தாண்டினால் எதிரில் இருப்பவர் முகம் மறையத் தொடங்கும்.

படி எங்கே உடைகிறது

எந்த முறையானாலும் நிற வரிசை ஒன்றுதான். கிடைக்கிற பூவை வைத்து ஆறு படி கட்டலாம்: வெள்ளைச் சாமந்தி, தந்தநிறச் சாமந்தி, மஞ்சள் சாமந்தி, மஞ்சள் செண்டுமல்லி, ஆரஞ்சு செண்டுமல்லி, அடர்சிவப்பு ரோஜா அல்லது கோழிக்கொண்டை. முதல் ஐந்தும் சிரமமில்லாமல் ஒன்றில் ஒன்று கரையும். ஆரஞ்சிலிருந்து அரக்குக்குப் போகும் இடத்தில்தான் படி உடையும். நடுவில் ஒரு நிறம் விடுபட்டதுபோல் கண் தடுக்கும்.

கனகாம்பரம் நிறத்தில் இந்த இடைவெளிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் உருவத்தில் மிகச் சிறியது. ஐந்து செ.மீ. செண்டுமல்லிக்குப் பக்கத்தில் அது தூசிபோல் தெரியும். இங்கே உதவுவது துருச்சிவப்பு இதழும் மஞ்சள் விளிம்பும் கொண்ட குட்டை ரகச் செண்டுமல்லி. கிடைக்காவிட்டால் பூக்களைக் கலந்தே சமாளிக்கலாம். மூன்று ஆரஞ்சுக்கு ஒரு சிவப்பு, அடுத்து இரண்டுக்கு இரண்டு, அடுத்து ஒன்றுக்கு மூன்று. நாலடி தள்ளி நின்று பார்த்தால் கண் தானாகக் கலந்துகொள்ளும்.

எல்லாப் படியும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும் என்பது பலர் செய்கிற பிழை. மஞ்சள் கத்தும் நிறம், கொஞ்சம் இருந்தாலே போதும். அரக்கு அடங்கும் நிறம், மாலை விளக்கில் இன்னும் அடங்கும். மஞ்சளுக்கு ஒரு சாண் என்றால் அரக்குக்கு ஒன்றரைச் சாண் கொடுங்கள்.

வெள்ளையையும் பளிச் மஞ்சளையும் ஒட்டி வைக்கக் கூடாது. பாரிஸ் கோபலான் சித்திரத் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் ஷெவ்ரல், 1839இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார்: பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளும். மஞ்சளை ஒட்டிய வெள்ளை லேசாக நீலம் பாய்ந்ததுபோல், சலவைக்கு நீலம் போட்ட வேட்டிபோல் தெரியும். இடையில் தந்தநிறம் வந்தால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். ஆனால் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கின் கீழ் வெள்ளையும் தந்தநிறமும் ஒன்றாகிவிடும். ராத்திரி விருந்துக்கு இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு ஐந்தோடு நிறுத்தலாம்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். சாம்பல் நிறம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல அடர்ந்துகொண்டே போக வேண்டும். அடுத்தடுத்த இரண்டு படிகள் ஒரே சாம்பலாக இருந்தால் ஒன்று வீண். திடீரென்று குழிபோல் இருண்டால் அங்கே கலப்புப் பூ தேவை. அதாவது நிறப்படி என்பது பார்த்துப் பார்த்துத் திருத்துகிற வேலை. திருத்த இடம் கொடுக்காத முறை எவ்வளவு ஆடம்பரமாக இருந்தாலும் இதில் பின்தங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அரளி பல நிறங்களில் கிடைக்கிறது, விலையும் குறைவு, நிறப்படிக்கென்றே பூத்ததுபோல் இருக்கும். ஆனால் செடி முழுக்க நஞ்சு. மாலையில் இருக்கட்டும், சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். ஒரே இதழில் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும் செங்காந்தளுக்கும் இதே கதிதான்.

உருளி: பார்க்க அழகு, மேசையில் சிக்கல்

12 அங்குல உருளியின் வாய் 30 செ.மீ. நடுவில் ஒரு பெரிய சிவப்பு ரோஜா, சுற்றி 6 ஆரஞ்சு செண்டுமல்லி, அடுத்த சுற்றில் 12 மஞ்சள் செண்டுமல்லி. ஐந்து செ.மீ. பூவாக இருந்தால் இதுவே 25 செ.மீ. பிடித்துவிடும். விளிம்பில் மிஞ்சுகிற இடத்தில் பட்டன் அளவு வெள்ளைச் சாமந்தி 34 வரை நிற்கும். கணக்கைப் பார்த்தால் தெரியும், உருளியில் நாலு படிக்குமேல் ஏறாது. ஆறு படி வேண்டுமானால் பூவைச் சிறிதாக்க வேண்டும், அல்லது இதழாக உதிர்க்க வேண்டும்.

இதழாக உதிர்த்தால் ஃபேன் காற்றில் மஞ்சள் ஒரு பக்கமும் சிவப்பு ஒரு பக்கமும் ஒதுங்கி, கால் மணி நேரத்தில் கோலம் கலைந்துவிடும். பூவை முழுசாக, காம்பை ஒட்ட நறுக்கி, நகர இடமில்லாமல் நெருக்கி வைத்தால்தான் வட்டம் நிற்கும்.

தண்ணீர் மட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. விளிம்புக்கு நாலு செ.மீ. கீழே தண்ணீர் இருந்தால், இரண்டடி தள்ளி உட்கார்ந்தவருக்கு முன்பக்கத்தில் ஐந்து செ.மீ. மறைந்துவிடும். வெளிவட்டம் முழுசாகக் காணாமல் போகும். விளிம்புக்கு ஒரு விரல்கடை வரை நிரப்புங்கள். கோழிக்கொண்டையை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள். அதன் சிவப்பு தண்ணீரில் கரையும் வகை. தண்ணீர் மெல்ல ரோஸாகி, வெள்ளைச் சாமந்தியின் அடி இதழிலும் ஏறும். வாடாமல்லிக்கும் இதே குணம். செண்டுமல்லியின் மஞ்சள் வேறு வகை, தண்ணீரில் அவ்வளவாக இறங்காது.

வேலை இருபது நிமிடம்தான், செலவும் குறைவு. ஆனால் 30 செ.மீ. உருளி 15 செ.மீ. இடத்தில் உட்காராது. வாசலிலோ கை கழுவுமிடத்துக்குப் பக்கத்திலோ வையுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்க்கும் இடமே அதற்கு ஏற்றது.

கோர்த்த சரம்

மூன்று சரங்களை ஒட்டிப் படுக்க வைத்தால் 15 செ.மீ. அகலம் கச்சிதமாக நிறையும். உயரமும் ஐந்தாறு செ.மீ.தான். பரிமாறுகிறவர் கை தட்டினாலும் சாயாது, கொட்டாது. இலைச் சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

காம்புப் பக்கத்தின் நடுவில் ஊசியை விட்டு முகத்தின் மையத்தில் எடுத்தால் ஒரு பூ நூலில் இரண்டரை செ.மீ. பிடிக்கும். 150 செ.மீ. நீளத்துக்குச் சரத்துக்கு 60 பூ, மூன்றுக்கும் 180. உதிரியில் அடிபட்டது, அழுகியது கழிந்துபோகும் என்பதால் 220 பூ கணக்கில் வாங்குங்கள். நூல் இரட்டைப் பருத்தி நூலாக இருக்கட்டும், நைலான் பூவை அறுத்துவிடும். கோர்க்குமுன் பூவைத் தலைகீழாகப் பிடித்துச் செய்தித்தாளில் தட்டுங்கள். சாமந்திக்குள்ளும் செண்டுமல்லிக்குள்ளும் எறும்பு ஒளிந்திருக்கும், ரசம் ஊற்றும்போது வெளியே வந்தால் நன்றாக இருக்காது.

நிறம் மாறும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும். மூன்று சரத்திலும் ஒரே இடத்தில் நிறம் மாறினால் கொடித்துணியில் கோடு போட்டதுபோல் வெட்டித் தெரியும். முதல் சரத்தில் மாறும் இடத்துக்கு இரண்டு பூ தள்ளி இரண்டாவதில், இன்னும் இரண்டு பூ தள்ளி மூன்றாவதில் மாற்றுங்கள். எல்லை சாய்ந்து, நிறம் வழிந்ததுபோல் இருக்கும். படி சரியில்லை என்று பட்டால் ஒரு சரத்தை ஐந்து செ.மீ. இழுத்து நகர்த்தினாலே போதும்.

தண்ணீர் இல்லாமல் கிடப்பதால் எல்லாப் பூவும் தாங்காது. செண்டுமல்லியும் சாமந்தியும் ஒரு நாள் முழுக்க நிற்கும். ரோஜா சில மணி நேரத்தில் தொய்யும், ஆகவே அரக்கு முனையில் இங்கே கோழிக்கொண்டைதான் சரி. சம்பங்கியையும் மல்லியையும் வெள்ளை முனைக்குச் சிலர் சேர்ப்பார்கள். கசங்கினால் பழுப்பேறும் என்பது ஒரு பக்கம், அந்த மணத்தில் நெய்யும் பெருங்காயமும் மூக்கில் ஏறாமல் போவது இன்னொரு பக்கம்.

ராத்திரியே கோர்க்கலாம். ஆனால் ஈரப்பூவைக் கோர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளுக்குள் வெந்து காலையில் கறுத்திருக்கும். உலர்ந்த பூவைக் கோர்த்து, ஈரத்துணி விரித்த மூங்கில் தட்டில் பரப்பி, மேலே இன்னொரு ஈரத்துணி மூடுங்கள். மேசைத்துணி வெள்ளையாக இருந்தால் சரத்துக்கு அடியில் வாழையிலையை நீளவாக்கில் கிழித்துப் போட வேண்டும். கறையும் பிடிக்காது, வெள்ளைப் பூவும் பச்சையின் மேல் எடுப்பாகத் தெரியும். பழகிய கைக்கு மொத்தம் இரண்டு மணி நேரம்.

குப்பி வரிசை

தட்டில் பரிமாறும் மாலை விருந்துக்கு இது முந்தும். 10 முதல் 12 செ.மீ. உயரமுள்ள குறுகிய வாய்க் குப்பிகள் ஒன்பது, 18 செ.மீ. இடைவெளியில். குப்பிக்கு மூன்று காம்பு, ஆக 27. ரோஜா வழக்கமாக 20 காம்புக் கட்டு, ஜெர்பெரா 10. ஓசூர் பக்கத்து ரோஜாவிலும் ஜெர்பெராவிலும் வெள்ளையிலிருந்து அரக்கு வரை நிறம் கிடைப்பதால், ஒரே பூவில் முழுப் படியும் கட்டலாம். உருவம் மாறாமல் நிறம் மட்டும் மாறுவது தனி அழகு. ஆனால் 27 காம்புக்காக ஐந்தாறு கட்டு வாங்கிப் பாதி மிஞ்சும். கலந்த கட்டு தரும் கடையாகப் பாருங்கள்.

இதன் பெரிய பலம், ஒவ்வொரு குப்பியும் ஒரு படி. மூன்றாவதும் நாலாவதும் மாறி இருந்தால் நன்றாக இருக்குமோ என்று தோன்றினால் தூக்கி மாற்றிவிடலாம். ஆரஞ்சுக்கும் அரக்குக்கும் இடைப்பட்ட குப்பியில் இரண்டு ஆரஞ்சும் ஒரு சிவப்பும் வைத்தால் கலப்பும் முடிந்தது.

காம்பைச் சாய்வாக நறுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் வாளித் தண்ணீரில் நிறுத்திய பிறகே குப்பிக்கு மாற்ற வேண்டும். ஜெர்பெராவுக்கு ஐந்து செ.மீ. தண்ணீர் போதும். கழுத்தளவு நிரப்பினால் ரோமக் காம்பு அழுகி, தலை தொங்கும். தண்ணீர் குறைந்ததால் குப்பி சாயும் என்பதால் அடியில் கூழாங்கல் போடுங்கள். கார்னேஷன் சேர்த்திருந்தால் பழத்தட்டைத் தள்ளி வையுங்கள். பழுக்கும் வாழையும் மாம்பழமும் விடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ் உள்நோக்கிச் சுருண்டுவிடும். ‘பூ பழசு’ என்று கடைக்காரரைத் திட்டுவோம், காரணம் மேசையிலேயே இருந்திருக்கும்.

ஃபோம்

பச்சை ஃபோம் கல் ஒன்று ஏறத்தாழ 23×11×8 செ.மீ. நீளவாக்கில் பாதியாக அறுத்தால் மூன்று கல்லில் 138 செ.மீ. ஓட்டம் கிடைக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டு அதுவாக அமிழக் காத்திருக்க வேண்டும். கையால் அமுக்கினால் நடுவில் உலர்ந்த திட்டு நின்றுவிடும், அங்கே குத்திய பூ மட்டும் மதியத்துக்குள் வாடும். கல்லுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும், ஆக மூன்றுக்கு ஆறு கிலோ பாரம். ஃபோம் தெரியாமல் மூட 160, 170 காம்பாவது வேண்டும், இலை தனி. மூன்று மணி நேர வேலை.

நிறம் மெத்தைபோல் இடைவெளியின்றிக் கரைவது இதில்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் குத்திய காம்பைப் பிடுங்கி அதே துளையில் திரும்பக் குத்தினால் அடியில் காற்று நின்று தண்ணீர் ஏறாது. இடம் மாற்ற மாற்ற ஃபோம் சல்லடையாகும். முதலிலேயே தரையில் பூவை நிற வரிசைப்படி அடுக்கிப் பார்த்துவிட்டுக் குத்துகிறவர்களுக்கே இது சரிப்படும். எட்டுப் பேர் சாப்பிடும் மேசைக்கு இவ்வளவு தேவையில்லை. மண்டபத்தில் மணமக்களுக்கு முன்னால், எதிரிலிருந்து மட்டும் பார்க்கிற மேசைக்குச் செய்யலாம். ஃபோம் வேண்டாமென்றால் கோழிக்கூண்டு வலையைச் சுருட்டித் தட்டில் வைத்து அதில் காம்பைச் செருகலாம், பிடுங்கித் திருத்தவும் முடியும்.

எந்தப் பக்கம் அடர்நிறம்?

படம் எடுக்க இடமிருந்து வலமாகப் போவது நன்றாக வரும். ஆனால் அரக்கு முனையில் உட்கார்ந்த மாமாவுக்கு எதிரில் வெறும் அரக்குதான் தெரியும். சுற்றி உட்காரும் மேசையில் நடுவில் அடர்நிறம், இரு முனைக்கும் வெளிர்ந்து போவது நல்லது. இப்படிச் செய்தால் சரத்தில் படி ஆறிலிருந்து நாலாகக் குறையும். குப்பி ஒன்பதில் நடுக்குப்பி அரக்கு, பக்கத்துக்கு நாலு என ஐந்து படி நிற்கும்.

விருந்து முடிந்ததும் சரத்தின் நூலை உருவிவிட்டுப் பூவைத் தொட்டி மண்ணில் போடலாம். குப்பிப் பூவுக்குக் காம்பு நுனியை நறுக்கித் தினமும் தண்ணீர் மாற்றினால் இன்னும் மூன்று நாலு நாள் இருக்கும். ஃபோம் மக்காது, பொடிந்து மண்ணிலேயே கிடக்கும் பிளாஸ்டிக் அது. லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியிலேயே 2021 முதல் அதற்கு அனுமதி இல்லை. உரக்குழியில் போடாமல், ஊறிய தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டு, மக்காத குப்பையில் சேருங்கள்.